பவளம் நாற்பத்தோரு முறை தோற்றாள்

ஜூன் 3, திங்கள்

ஆபீஸில் இன்று எல்லோருக்கும் மைசூர்பாகு. ஆறு வருடமாக யார் யாருக்கோ லூடோவும் சீட்டுக்கட்டும் செய்து கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் கம்பெனிக்கு முதன்முறையாக ஒரு சினிமா வந்திருக்கிறது. போன வருடம் வெளிவந்து ஊரையே அலறவைத்த ‘பின்கட்டு பவளம்’ என்ற பேய்ப் படத்தை செல்போனில் விளையாடும் கேமாக மாற்றித் தரவேண்டும்.

முதலாளி கார்வேந்தன் கூட்டத்தில் நேராக விஷயத்துக்கு வந்தார். “படத்தக் கரைச்சுக் குடிச்ச ஆளுதான் தலைமையா இருக்கோணும்னு டைரக்டர் சொல்லிப்போட்டாருங்க. இல்லீன்னா வேற கம்பெனிக்குக் குடுத்துருவாராம். இங்க யாரு நல்லாப் பாத்திருக்கீங்க?”

படம் வரையும் இர்ஃபான் ரெண்டு தடவை என்றான். நான் ஆறு வருடமாகத் தலைமைக்குக் காத்திருக்கிறவன். வாய் தானாகத் திறந்தது. “பதினோரு தடவ பாத்திருக்கனுங்க.”

பன்னிரண்டு என்றோ பத்து என்றோ சொல்லியிருக்கலாம். பதினொன்று என்றால் எண்ணிப் பார்த்தவன் மாதிரி இருக்கிறது. தலைமை எனக்கே வந்தது.

உண்மையில் எத்தனை தடவை பார்த்தேன் என்பது இந்த டைரிக்குத் தேவையில்லாத விவரம். வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிவது மணி பிளான்ட் செடிக்காக.

ஜூன் 4, செவ்வாய்

படத்தின் நான்கு பாட்டுகளையும் பார்த்தேன். இரண்டு நன்றாக இருந்தன. மூன்றாவதில் ஒரு நிலைக்கண்ணாடியைக் காட்டியதால் டீ போட எழுந்துவிட்டேன். நான்காவதை அடுப்படியிலிருந்து கேட்டேன்.

ஜூன் 6, வியாழன்

இணையத்தில் கதை கிடைக்குமென்று தேடினேன். விமர்சனம் எழுதுகிற ஒவ்வொருவரும் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியைத் திரையில் காண்க என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கம் திறந்ததுமே பவளத்தின் முகம் பெரிதாக வருகிறது. கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். பேட்டரியைச் சேமிக்க வேண்டாமா?

மதியச் சாப்பாட்டில் அம்சவேணி எதிரில் உட்கார்ந்தார். எங்கள் கேம்களை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை அவருடையது. வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊர் காங்கேயம், இங்கே சிங்காநல்லூரில் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமைதோறும் கரூர் பஸ் ஏறி ஊருக்குப் போவார். ‘பின்கட்டு பவளம்’ மூன்று தடவை பார்த்தாராம்.

“ஒரு சாதாரண ரசிகருக்குப் படம் எவ்வளவு ஞாபகம் இருக்குதுன்னு எனக்குத் தெரியணுங்க. முழுசாச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்,” என்றேன். இவ்வளவு நல்ல பொய் என் வாயில் வந்தது எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் பீர்க்கங்காய்க் கூட்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஆரம்பித்தார். பெரிய வீடு. முன்கட்டு, பின்கட்டு, நடுவில் ஒரு கதவு. பவளம் பத்து வயதில் அங்கே வேலைக்கு வந்தவள். பின்கட்டில் சமைத்து, பின்கட்டில் துவைத்து, பின்கட்டிலேயே படுத்தாள். முன்கட்டுக்குள் அவளை ஒருநாளும் விட்டதில்லை. இருபது வயதில் கிணற்றில் விழுந்து செத்தாள். விழுந்தாளா, தள்ளினார்களா என்பது இரண்டாம் பாதி. பல வருடம் கழித்து அந்த வீட்டை நாயகன் வாங்குகிறான். நடுக்கதவை யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள்.

சொல்லும்போது அம்சவேணி மேஜையைத் தட்டினார். நான் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது கை வழுக்கியதால்தான்.

ஜூன் 10, திங்கள்

முதல் யோசனை. நாயகன் ஓடுகிறான், பவளம் துரத்துகிறாள், பிடித்தால் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் விளையாடும் வகை, சிக்கலே இல்லை.

மதியம் சென்னையிலிருந்து நாயக நடிகரின் மேனேஜர் போன் செய்தார்.

“எங்க சார் ஓடுறாரா?”

“ஆமாங்க சார், பேய் துரத்துது.”

“எங்க சார் யாருக்கும் முதுகு காட்டுனதில்ல. ரசிகர் மன்றம் சும்மா இருக்காது. அப்புறம், அது என்ன, சார் செத்துடுவாரா?”

“மறுபடியும் எந்திரிச்சுருவாருங்க. மூணு உயிர் இருக்குது.”

“சாகவே கூடாது. தோக்கவும் கூடாது. அக்ரிமென்ட்டுலயே இருக்கு, படிங்க.”

படித்தோம். இருக்கிறது. தோற்கவே முடியாத ஒருவனை வைத்து ஒரு விளையாட்டு செய்ய வேண்டும். முதல் யோசனை குப்பைக்குப் போனது. இர்ஃபான் காலையெல்லாம் வரைந்த ஓட்டமும் அதோடு போனது. அவன் என்னை முறைத்தான். தலைமைப் பொறுப்பு என்றால் இதுவும்தான்.

ஜூன் 13, வியாழன்

இரண்டாம் யோசனை. நாயகன் நின்ற இடத்தில் நின்று பவளத்தின் மேல் மந்திரித்த எலுமிச்சம்பழம் வீசுகிறான். ஓட்டம் இல்லை, சாவு இல்லை.

தயாரிப்பாளரின் வீட்டம்மாவே போனில் வந்தார். அம்மன் பக்தராம். “குறி தப்புன பழமெல்லாம் எங்க விழும் தம்பி?”

“தரையிலதாங்க.”

“பூஜை பண்ணுன பழத்த தரையில போடுவியா? நாளைக்கு அத மிதிச்சா யாரு பொறுப்பு?”

தரையில் விழுவதற்குள் பழம் மறைந்துவிடும் என்றேன். எங்கே போகும் என்று கேட்டார். இரண்டாம் யோசனையும் குப்பையில்.

ஜூன் 14, வெள்ளி

இன்று அம்சவேணி கொள்ளு ரசம் கொண்டுவந்தார். ருசி பற்றிய குறிப்பு மட்டுமே, வேறொன்றுமில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாம் யோசனை. பின்கட்டில் உட்கார்ந்து நாயகனும் பவளமும் தாயம் ஆடுகிறார்கள். பித்தளைக் கட்டைகள், தரையில் கரியால் போட்ட கட்டம். பவளம் ஜெயித்தால் வீடு அவளுக்கு. நாயகன் தோற்கக்கூடாதென்பதால் பவளத்துக்கு மட்டும் தாயம் விழாமல் கணக்குப் போட்டு வைத்தேன். தாயம் விழுந்தால்தானே காயைக் கட்டத்துக்குள் இறக்க முடியும்? மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. தயாரிப்பாளர் வீட்டிலும் குறை சொல்லவில்லை. கார்வேந்தன் என் தோளில் தட்டினார்.

அம்சவேணி காலையிலிருந்து விளையாடிப் பார்த்தார். நாலு மணிக்குக் குறிப்பேட்டோடு வந்தார்.

“நாப்பத்தோரு ஆட்டம் ஆடிட்டனுங்க. பவளம் நாப்பத்தோரு தடவையும் தோத்துட்டா.”

“அப்படித்தாங்க வெச்சிருக்கேன்.”

“தோத்தாக்கூடப் பரவால்லீங்க. அவ காய் ஒருக்காக்கூட உள்ள எறங்கவே இல்ல. கட்டைய உருட்டிக்கிட்டே வெளியில ஒக்காந்திருக்கா.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊட்டுக்குள்ளயும் உடல, கட்டத்துக்குள்ளயும் உட மாட்டேங்கறீங்களே. எனக்கு வெளையாடவே புடிக்கலீங்க.”

குறை என்ற கட்டத்தில் அவர் எழுதிக் கொடுத்தது இது: ‘பாவமாக இருக்கிறது.’

இந்த மாதிரிக் குறையை எப்படிச் சரிசெய்வதென்று எந்தக் கையேட்டிலும் இல்லை. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்கு வந்தும் அந்த நாற்பத்தொன்று மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் யோசனையை நானே கிழித்துப் போட்டேன்.

ஜூன் 19, புதன்

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். “படத்துல கடைசியில பவளத்துக்கு என்னதாங்க ஆகுது? உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியே சொல்லுங்க.”

அம்சவேணி டிபன் பாக்ஸை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு சொன்னார்.

“நடுக்கதவ மறுபடியும் மூணு தட்டு தட்டறாங்க. எல்லாரும் நடுங்கிட்டு நிக்கறாங்க. ஈரோதான் போய்க் கதவத் தொறக்கறான். ‘உனக்கு என்னதான் வேணும்’னு கேக்கறான். இத்தன வருசத்துல அவளைப் பாத்து அப்படி ஒருத்தருமே கேக்கலயாட்ட இருக்குதுங்க. அவ ஒன்னுமே பேசறதில்ல. முன்கட்டுக்கு வந்து, அங்க கெடக்கற நாற்காலியில உக்கார்றா. உக்காந்துட்டு, ‘ஒரு காப்பி கெடைக்குமா’ங்கறா. குடுக்கறாங்க. குடிச்சுட்டு டம்ளரக் கீழ வெச்சதும், நாற்காலி மட்டும்தான் இருக்குது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். ரசத்தில் மிளகு அதிகம்.

ஜூன் 21, வெள்ளி

நான்காம் யோசனை. ஆடுகிறவர்தான் பவளம். பின்கட்டிலிருந்து ஒவ்வோர் அறையாகக் கடந்து முன்கட்டு நாற்காலிக்கு வரவேண்டும். யாரையும் கொல்ல வேண்டாம், யாரும் தோற்க வேண்டாம். ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து யாராவது திறக்க வேண்டும். அவர்கள் பயத்தை எப்படிப் போக்குவது என்பதுதான் ஆட்டம். கடைசிக் கதவை நாயகன் திறக்கிறான். பிறகு காப்பி.

முப்பது பக்கம் எழுதி அனுப்பினேன். ஆறு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்லது இதுதான். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஜூன் 24, திங்கள்

டைரக்டர் வேதநாயகம் பதில் போட்டிருக்கிறார். ‘படித்தேன். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன். எல்லோரும் சேர்ந்து படத்தை ஒருமுறை பார்ப்போம். பதினோரு தடவை பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை.’

இரண்டு மணி இருபது நிமிடம், ஆபீஸ் ஹாலின் பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டு!

படத்தைப் பார்க்காதவன் என்று தெரிந்தால் தலைமை போகும், படமும் வேறு கம்பெனிக்குப் போகும். கார்வேந்தன் மறுபடி லூடோ செய்வார், என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே.

ஜூன் 26, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். மெட்ராஸ் ஐ. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் உள்ளே கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் டைரக்டரும் பக்கத்தில் உட்கார மாட்டார். இன்றே கண்ணைக் கசக்கிக்கொண்டு போனேன். இர்ஃபான் நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அம்சவேணி மட்டும் நந்தியாவட்டைப் பூ பறித்துக்கொண்டு வந்து, “கண்ணுல ஒத்திக்குங்க, குளுமையா இருக்கும்,” என்றார். பொய்க் கண்ணில் நிஜப் பூவை ஒத்திக்கொள்வது அவ்வளவு சுகமான காரியமில்லை.

ஜூன் 28, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு வேதநாயகம் வந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லி. பேய்ப் படம் எடுக்கிறவர் என்றால் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி இருந்தார். என் கண்ணாடியைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். திட்டம் பலித்தது. ஆனால் விளக்கு அணைந்ததும் என் பக்கத்து நாற்காலியில் அம்சவேணி வந்து உட்கார்ந்தார்.

“ஒட்டிக்குங்க,” என்றேன்.

“ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுதுங்க.”

படம் ஆரம்பித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காதை மூட வழியில்லை. கிணற்று உருளைச் சத்தம், கொலுசுச் சத்தம், கதவில் மூன்று தட்டு. அம்சவேணி சொன்ன கதை அப்படியே வந்ததால் சத்தத்தை வைத்தே எந்த இடம் என்று தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன்: எனக்குப் பேய்ப் படம் என்றால் பயம். குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துவிட்டு டிவியைச் சத்தமாக வைக்கிறவன் நான். மணி பிளான்ட் என்னிடம் இல்லவே இல்லை.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். பக்கத்தில் ஏதோ சரசரத்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்சவேணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறார்.

“எங்கீங்க போறீங்க?”

அவர் திருதிருவென விழித்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

“காங்கேயம் வந்துருச்சுன்னு நெனச்சுட்டனுங்க,” என்று கிசுகிசுத்தார். “மூணு தடவையும் கரூர் பஸ்ஸுலதான் பாத்தேன். சிங்காநல்லூர்ல ஏறுனா இந்தப் படத்தப் போடுவான். இந்த எடம் வந்தா எங்க ஊரு வந்துரும். எறங்கிருவேன். இதுக்கு மேல நான் பாத்ததே இல்லீங்க.”

“அப்ப அந்தக் காப்பி?”

“அம்மா கேக்கும்ங்க, கடைசியில அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு. தெரியாதுன்னு சொல்ல மனசு வரல. நானாச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் படம்னு ஆயிருச்சு.”

அதற்குள் திரையில் நடுக்கதவு மூன்று முறை தட்டப்பட்டது. இருவரும் நிமிர்ந்தோம். நாயகன் கதவைத் திறந்தான். ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு மந்திரவாதி நின்றிருந்தான். பவளம் முன்கட்டில் ஒரு கால் வைத்தாள். அடுத்த நிமிடம் அவளைத் தலைமுடியைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் வைத்து உச்சியில் ஆணி அடித்தார்கள். நாயகன் சிரித்தான். எழுத்துகள் ஓடின.

கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுசாகப் பார்த்தேன். பயமே வரவில்லை. கோபம்தான் வந்தது. பக்கத்தில் அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டார்கள். வேதநாயகம் என் முப்பது பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“தம்பி, பதினோரு தடவ பாத்துருக்கே. என் படத்துல காப்பி எங்கய்யா வருது?”

கார்வேந்தனின் முகம் மாறியது. அம்சவேணி சட்டென்று எழுந்தார். “தப்பு என்னோடதுங்க சார். பஸ்ஸுலதான் பாத்தேன், முடிவு வர்றதுக்குள்ள எங்க ஊரு வந்துரும். நாந்தான் இவருக்கு முடிவ மாத்திச் சொன்னேன்.”

வேறு முடிவு வேண்டுமென்றே யோசித்தது என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் எனக்காக எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருந்தார்.

“அவங்க மேல தப்பே இல்லீங்க சார்,” என்றேன். “நான் இந்தப் படத்த ஒரு தடவகூடப் பாத்ததில்ல. இப்பவும் கடைசிப் பதினஞ்சு நிமிசந்தான் பாத்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்குது. எனக்குப் பயம்ங்க.”

இர்ஃபான் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு விழுந்தான்.

வேதநாயகம் சிரிக்கவில்லை. அம்சவேணியையே பார்த்தார். “அந்த ஆணிய நான் அடிக்கலம்மா. விநியோகஸ்தருங்க அடிச்சாங்க. பேய சும்மா விட்டுட்டா ஜனங்க திருப்தியா எந்திரிச்சுப் போவ மாட்டாங்கன்னாங்க. அந்தக் காட்சி வந்தா நான் எப்பவும் தியேட்டர விட்டு வெளிய போயிடுவேன். உனக்காவது உங்க ஊரு வந்துச்சு.” என் தாள்களைத் தட்டி அடுக்கினார். “இத அப்படியே செய்ங்க. ஒரு வரி மாத்தக் கூடாது.”

அவர் போனபிறகு கார்வேந்தன் என்னைக் கூப்பிட்டார். பொய்க்குக் கோபம் இருக்கத்தானே செய்யும். “இனி தலைமை அம்சவேணிங்க. நீங்க அவங்க சொல்றத எழுதுங்க. இத்தன நாளும் அதத்தான செஞ்சுட்டு இருந்தீங்க?”

ஆறு வருடம் காத்திருந்தது இருபத்தைந்து நாளில் போய்விட்டது. வலிக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அம்சவேணி, “பதினோரு தடவையா?” என்றார். அப்புறம் இருவரும் நின்று சிரித்தோம்.

ஜூலை 2, செவ்வாய்

மேனேஜர் போன். “எங்க சார் கதவு தொறக்கலாம். ஆனா தட்டுன ஒடனே தொறக்கக் கூடாது. மெதுவா நடந்து வந்து, முடியக் கோதிட்டுத் தொறக்கணும்.”

தலைமையிடம் கேட்டேன். “கோதட்டுங்க,” என்றார் அம்சவேணி. “அவ இத்தன வருசம் நின்னவ, இன்னும் ரெண்டு நிமிசம் நிப்பா.”

ஜூலை 6, சனி

கரூர் பஸ். பழைய கால முன்கட்டு எப்படி இருக்குமென்று காங்கேயத்தில் ஒரு வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டிய அலுவலக வேலை. அந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் அம்சவேணி வீடு என்பது தற்செயல்.

சிங்காநல்லூர் தாண்டியதும் டிரைவர் படத்தைப் போட்டார். எது என்று சொல்ல வேண்டியதில்லை. பல்லடம் வரை பக்கத்திலிருந்த அம்சவேணியின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, பாதிக் கண்ணால் பார்த்தேன். நடுக்கதவு கடைசியாகத் தட்டப்படும் முன்பே காங்கேயம் வந்துவிட்டது. இறங்கிவிட்டோம்.

அலுவலக வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் மூன்று முறை தட்டினேன், பழக்கதோஷம். அம்சவேணியின் அம்மா வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவருதானா?” என்று மகளைக் கேட்டார். மகள் சமையலறைக்குள் போனார். “ஏனுங்க வெளியில நிக்கறீங்க? உள்ள வாங்க, நாற்காலியில உக்காருங்க.”

உட்கார்ந்தேன். காப்பி வந்தது. பித்தளை டம்ளர், கையில் சூடு ஏறியது. முப்பது பக்கம் எழுதியபோதுகூட எனக்குப் புரியாதது இப்போது புரிந்தது: பவளம் கேட்டது இவ்வளவுதான்.

அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். “நீங்கதான் அந்தப் படத்த வேலயாவே செய்யறீங்களாமா. எனக்கொரு சந்தேகமுங்க. இவ சொல்றது நெசந்தானுங்களா? கடைசியில அந்தப் புள்ளைய உள்ள கூப்புட்டு, காப்பி குடுத்தாங்களா?”

சமையலறை வாசலில் அம்சவேணி அசையாமல் நின்றார்.

“நெசந்தானுங்க,” என்றேன். “நான் பதினோரு தடவ பாத்திருக்கனுங்க.”